ஏன் போனார்கள் என்று எழுதிய பலகை

அமெரிக்கா ஏன் வியட்நாமுக்குச் சண்டைக்குப் போனது என்பதை நூறு சொல்லுக்குள் எழுதித் தரும்படி ஒருமுறை என்னிடம் கேட்டார்கள். கேட்டது வசந்தத்தில். நான் எழுதி முடித்தபோது மரங்களில் இலைகள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன.

ரொறன்ரோவில் ஒரு சிறிய நூதனசாலையில் எழுத்து வேலை செய்தவன் நான். சுவரில் மாட்டும் பலகைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகள், வாசலில் கொடுக்கும் மடிப்புத் தாள்கள் எல்லாவற்றையும் எழுதுவது எங்கள் பகுதி. இவற்றை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று பார்வையாளர்கள் நினைப்பதில்லை. நினைக்காதவரைக்கும் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஓய்வு பெற்றுச் சில வருடங்களாகின்றன. இப்போது அந்த மேசையில் இருக்கும் சஹானா போன மாதம் தொலைபேசி எடுத்தாள். ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. வேறொரு போரைப் பற்றி அவர்கள் ஒரு காட்சி வைக்கப் போகிறார்கள்.

“அங்கிள், என்ன நடந்தது எண்டு எழுதுறது ஈஸி. ஏன் நடந்தது எண்டு எழுதேக்கைதான் மீற்றிங்கில ஆளாளுக்குச் சண்டை,” என்றாள். “நீங்கள் அந்த வியட்நாம் பனலை எப்பிடி எழுதினீங்கள்?”

தொலைபேசியில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொன்னேன். எழுதத் தொடங்கியபின் அது அவளுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை.

அகதியாக இந்த நகரத்துக்கு வந்தேன். முதலில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலை. பிறகு அதே நூதனசாலையில் காவலாளி. மாலை வகுப்புகளில் படித்தேன். எழுத்துப் பகுதியில் உதவியாளர் இடம் ஒன்று வந்தபோது விண்ணப்பித்தேன், கிடைத்தது. காவலாளியாக நின்ற காலத்தில் கண்டுகொண்ட ஒரு விஷயம் பிறகு பயன்பட்டது. மனிதர்கள் பலகையின் முதல் வரியை வாசிப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், கடைசி வரிக்குத் தாவுவார்கள். நடுவில் உள்ளதை வாசிப்பவர்கள் குறைவு. அவர்கள் பெரும்பாலும் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

என் பெயர் நாதன். அதை வெள்ளைக்காரர்கள் தங்கள் பெயரென்று நினைத்து நேத்தன் என்பார்கள். என் மேலதிகாரி மார்கிரெட் மட்டும் முதல் நாளே எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, பிறகு ஒருபோதும் பிழை விடவில்லை.

மார்கிரெட் உயரமானவர், மெலிந்தவர், கோடையிலும் கம்பளிச் சட்டை போடுபவர். நாங்கள் எழுதியதை அவர் திருத்தியதே இல்லை. கூரான பென்சிலால் ஒரு சொல்லுக்குக் கீழே சின்னப் புள்ளி வைப்பார். அந்தச் சொல்லைப் பற்றி இன்னொருமுறை யோசி என்பது அதன் பொருள். என்ன பிழை என்று கேட்டால் சொல்லமாட்டார். “இதை யார் சொல்கிறார்?” என்று திருப்பிக் கேட்பார். அவ்வளவுதான். குரல் உயர்ந்ததை நான் கேட்டதில்லை. புள்ளி வைத்த தாளைத் தரும்போது எங்கள் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பார். அது மரியாதை என்று எனக்கு விளங்கப் பல வருடங்கள் எடுத்தன.

அந்தக் காட்சி, வியட்நாம் போரால் இந்த நகரத்துக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றியது. அப்படி வந்தவர்கள் இரண்டு வகை. போருக்குப் போக மறுத்து எல்லை கடந்து வடக்கே வந்த அமெரிக்க இளைஞர்கள் முதலில் வந்தார்கள். போர் முடிந்தபின் படகில் தப்பி, முகாம்களில் இருந்து, விமானத்தில் வந்த வியட்நாமியர்கள் அடுத்து. இருவரும் ஒரே நகரத்தில், ஒரே ரயிலில் முப்பது நாற்பது வருடங்கள் போய்வந்திருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் அவர்கள் கதையை வைக்கலாம் என்பது மார்கிரெட்டின் எண்ணம். வாசலில் ஒரு பலகை வேண்டும்: அமெரிக்கா அங்கே ஏன் போனது? எல்லாருக்கும் தெரிந்த வரலாறு, எளிதான பலகை என்று அதை என்னிடம் தந்தார்கள்.

அன்று மத்தியானமே எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆங்கிலத்தில் நான் எழுதிய முதல் வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “கம்யூனிசம் பரவுவதைத் தடுக்க அமெரிக்கா வியட்நாம் போருக்குள் நுழைந்தது.”

மறுநாள் தாள் திரும்பி வந்தது. “தடுக்க” என்பதற்குக் கீழே ஒரு புள்ளி. “நுழைந்தது” என்பதற்குக் கீழே இன்னொன்று.

“இதை யார் சொல்கிறார்?” என்றார் மார்கிரெட்.

அமெரிக்க அரசே அப்படித்தான் சொன்னது என்றேன். அப்படியானால் அது அவர்கள் சொன்ன காரணம், அவர்கள் போன காரணமும் அதுதானா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

நூலகத்தில் சில வாரங்கள் இருந்தேன். சொன்ன காரணம் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து சில வருடங்களில் சீனா கம்யூனிஸ்டுகளின் கைக்குப் போயிற்று. கொரியாவில் அமெரிக்கர்கள் சண்டை பிடித்து, பாதியில் கோடு கீறி நிறுத்தினார்கள். ஒரு நாடு விழுந்தால் பக்கத்து நாடும் விழும், பிறகு அடுத்ததும் விழும் என்று வாஷிங்டனில் பலர் மனதார நம்பினார்கள். அதற்குக் கீழே வேறு காரணங்களும் இருந்தன. வியட்நாமை ஆண்ட பிரான்ஸ், ஐரோப்பாவில் அமெரிக்காவுக்கு வேண்டிய நண்பன். அதனால் பிரான்ஸின் போருக்கு முதலில் அமெரிக்கப் பணம் போயிற்று. பிரான்ஸ் தோற்று வெளியேறியதும் நாடு இரண்டாகப் பிரிந்து, வடக்கு கம்யூனிஸ்டுகளிடம் போயிற்று. தெற்கே அமைந்த அரசுக்குப் பணம் போயிற்று, ஆலோசகர்கள் போனார்கள். நாட்டை ஒன்றாக்க நடக்கவிருந்த தேர்தல் நடக்கவில்லை. பின்னர் விமானங்கள், அதன்பின் படைகள். ஒரு ஜனாதிபதி தொடங்கியதை அடுத்தவர் ஏற்றுக்கொண்டார். தன் காலத்தில் ஒரு நாட்டை இழந்தவர் என்ற பேச்சை உள்ளூரில் கேட்க ஒருவரும் விரும்பவில்லை. வெல்ல முடியுமா என்று தனியறையில் சந்தேகப்பட்டவர்களும் வெளியே வந்து வெல்லலாம் என்றார்கள்.

“நுழைந்தது” என்ற சொல்லின் கீழ் ஏன் புள்ளி வந்தது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. நுழைவதற்கு ஒரு வாசல் வேண்டும். நான் எவ்வளவு தேடியும், இன்றைக்கு நுழைகிறோம் என்று யாரும் முடிவெடுத்த ஒரு நாளைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

காட்சிக்குப் பொருள் தந்தவர்களில் இருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருவர் கிளென். மிச்சிகனில் பிறந்தவர், ரொறன்ரோவில் தச்சுவேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய அண்ணன் டாம் படையில் சேர்ந்து போய் அங்கேயே இறந்தார். அங்கே கம்யூனிஸ்டுகளைத் தடுக்காவிட்டால் இங்கே வந்துவிடுவார்கள் என்று சாப்பாட்டு மேசையில் அண்ணன் சொல்லிவிட்டுப் போனது கிளெனுக்கு நினைவிருந்தது. அடுத்த வருடம் கிளெனுக்குக் கட்டாயப் படைச்சேவைக்கு அழைப்பு வந்தது. அவர் காரை எடுத்துக்கொண்டு எல்லைப் பாலத்தைக் கடந்து கனடாவுக்குள் வந்துவிட்டார். தகப்பன் அதன்பின் சாகும்வரை அவரோடு பேசவில்லை. தாய் பேசினார். ஆனால் டாமைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. எல்லை கடந்த நாளில் கிளென் எடுத்து வந்தது அண்ணனின் பேஸ்போல் கையுறை. அதைத்தான் எங்களுக்குத் தந்திருந்தார்.

அமெரிக்கா எப்போது அங்கே போனது என்று கேட்டேன். கடற்கரையில் படைகள் இறங்கிய வருடத்தைச் சொன்னார். அண்ணன் போனது அதற்கடுத்த வருடம்.

மற்றவர் திருமதி லான். வடக்கு வியட்நாமில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். நாடு பிரிந்தபோது அவர் சிறுமி. கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து குடும்பத்தோடு தெற்கே போகக் கப்பலேறினார். அது அமெரிக்கக் கடற்படைக் கப்பல். ஏறியதும் தலையில் பூச்சிமருந்துத் தூளைக் கொட்டினார்கள், பிறகு ஒரு தகரக் குவளையில் தண்ணீர் தந்தார்கள் என்றார். அந்தக் குவளையை அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. பின்னாளில் அவருடைய கணவர் தெற்கின் இராணுவத்தில் அதிகாரியானார். தெற்கு வீழ்ந்தபின், வென்றவர்கள் தோற்ற பக்கத்து அதிகாரிகளை அடைத்து வைத்த மறுகல்வி முகாமில் இறந்தார். குவளை படகில் ஏறியது, மலேசிய அகதி முகாமில் இருந்தது, ரொறன்ரோவுக்கும் வந்தது.

அதே கேள்வியை அவரிடமும் கேட்டேன். கப்பல் வந்த வருடத்தைச் சொன்னார். கிளென் சொன்ன வருடத்துக்கும் அதற்கும் இடையில் ஒரு பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போய்விடும்.

எங்கள் நடைமுறையில் பலகை அச்சுக்குப் போகுமுன் சாதாரணத் தாளில் பெரிதாக அடித்துச் சுவரில் ஒட்டுவோம். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண்ணுக்கும் எட்டவேண்டும் என்பதால் உயரத்தை அளந்து ஒட்டுவோம். மார்கிரெட் எதிரே நின்று உரத்து வாசிப்பார். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியம் உடையும். பிறகு, விஷயத்தோடு தொடர்பில்லாத சிலரை அழைத்து வாசிக்கச் சொல்லி, தாளைக் கழற்றிவிட்டு, என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேட்போம். அவர்களுக்கு ஞாபகம் இருப்பதுதான் பலகை, நாம் எழுதியது அல்ல என்பார். கடைசியாகப் பொருள் தந்தவர்களுக்குக் காட்டுவோம்.

என் புதிய எழுத்தில் நான் நூலகத்தில் வாசித்தது எல்லாம் இருந்தது. நம்பிக்கை, நண்பனான பிரான்ஸ், உள்ளூர் அரசியல், அச்சம், படிப்படியாகப் போன விதம். மார்கிரெட் புள்ளி வைக்கவில்லை. காவலாளிகளும் உணவுச்சாலைப் பெண்ணும் வாசித்துவிட்டுச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். எனக்குத் திருப்தி.

பொருள் தந்தவர்கள் வந்த மாலையில் கிளென் முதலில் வாசித்தார். அச்சம் என்று எழுதினால் அது மன்னிப்பு மாதிரி இருக்கிறது என்றார். பயந்தவன் ஓடுவான், தானும் அப்படித்தான் ஓடியதாகவும், தலைவர்களோ பயந்துகொண்டு மற்றவர்களின் பிள்ளைகளை அனுப்பினார்கள் என்றும் சொன்னார். வெல்வது சந்தேகம் என்று தெரிந்துகொண்டே அனுப்பினார்கள் என்பது பலகையில் வரவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

திருமதி லான் ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டு வாசித்தார். முடிந்ததும் முதலிலிருந்து மறுபடி வாசித்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்.

“இதில் அமெரிக்கா இருக்கிறது. பிரான்ஸ் இருக்கிறது. சீனா இருக்கிறது. கம்யூனிசம் இருக்கிறது,” என்றார். “வியட்நாமியர் ஒருவர்கூட இல்லை.”

தெற்கின் அரசு அமெரிக்காவின் ஆதரவில் நின்றது என்று நான் எழுதிய இடத்தைக் காட்டினார். தன் கணவர் யாருடைய ஆதரவிலும் நிற்கவில்லை, சொந்தக் காலில் நின்று சண்டை பிடித்தவர் என்றார். குவளையைத் திருப்பித் தரும்படி கேட்டார்.

மார்கிரெட் அவரைச் சமாதானப்படுத்த முயலவில்லை. உங்கள் பொருள், வீட்டுக்குக் கொண்டுவந்து தருவோம் என்றார். மறுநாள் என்னிடம் நீயே கொண்டு போ என்றார். வாதாடாதே. பலகை எழுதிய தாளைக் கையில் எடுத்துப் போகாதே. குவளையைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, தேநீர் தந்தால் குடித்துவிட்டு வா.

காட்சியிலேயே பழைய பொருள் அதுதான். அது இல்லாவிட்டால் கதை கிளெனின் ஆட்களிலிருந்து தொடங்கும். வியட்நாமியர் பாதியில் வந்து சேர்ந்தவர்களாகிவிடுவார்கள். மற்றவர்களும் தங்கள் பொருள்களைத் திருப்பிக் கேட்கலாம் என்று அலுவலகத்தில் பேச்சு இருந்தது.

ஜேன் வீதிப் பக்கம் ஓர் உயர்மாடியில் அவர் தனியாக இருந்தார். வரவேற்பறையில் மாதா சொரூபம், கணவரின் படம், ஒரு தையல் இயந்திரம். மேசையில் துணியை விரித்து, என் கைகளுக்கு வெள்ளைக் கையுறை போட்டு, பெட்டியிலிருந்து குவளையை எடுத்து வைத்தேன். விளிம்பில் ஏற்கெனவே இருந்த நசுக்கலை அவருக்குக் காட்டினேன். எங்களிடம் வந்தபோது எப்படி இருந்ததோ அப்படியே திரும்பியிருக்கிறது என்பதை இரு பக்கமும் ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் கையெழுத்துப் போட்டார். தேநீர் தந்தார். நான் குடித்தேன்.

நான் எங்கிருந்து வந்தவன் என்று கேட்டார். சொன்னேன்.

“உங்கள் ஊருக்கும் ஒரு பெரிய நாட்டின் படை வந்ததென்று எங்கள் கோயிலுக்கு வரும் தமிழர்கள் சொல்வார்கள்,” என்றார். “ஏன் வந்தார்கள்?”

இந்தியப் படை வந்தபோது நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். பதில் எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். கொழும்பு வேறு வல்லரசுகளின் பக்கம் சாய்வதை டெல்லி விரும்பவில்லை என்றேன். தமிழ்நாட்டில் எங்களுக்காக எழுந்த கொந்தளிப்பைச் சொன்னேன். இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தத்தைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார்.

“அவர்கள் வந்த நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்?”

சந்தியில் போய் நின்றேன் என்றேன். என்னைப் போலப் பலர் நின்றார்கள். மாலை கட்டி வைத்திருந்தோம். முதல் வாகனம் வந்தபோது நானும் ஒரு மாலை போட்டேன். கொஞ்சக் காலத்தில் அதே படையோடு சண்டை மூண்டது. மாலை போட்டதை அதன்பின் யாரும் பேசுவதில்லை. ரொறன்ரோவுக்கு வந்தபின் நானும் ஒருவரிடமும் சொன்னதில்லை. கேட்டவருமில்லை.

திருமதி லான் என் கோப்பையில் மறுபடி தேநீர் ஊற்றினார்.

“நீங்கள் சொன்ன காரணங்களில் அந்த மாலை இல்லை,” என்றார்.

நான் வாதாடவில்லை, தாளும் கொண்டு போகவில்லை. ரயிலில் திரும்பி வரும்போது பயணச்சீட்டின் பின்புறத்தில் சில வரிகள் எழுதிப் பார்த்தேன். மார்கிரெட்டிடம் நடந்ததைச் சொன்னபோது மாலை போட்டாயா என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். ஜன்னலைப் பார்த்தார்.

அதன்பின் எழுதியதுதான் கடைசியில் சுவருக்குப் போனது. என்னிடம் பிரதி இல்லை. நினைவிலிருந்து தமிழில் சொல்வதானால்:

“ஆசியாவில் ஒரு நாடு கம்யூனிஸ்டுகளிடம் போனால் அடுத்ததும் போகும் என்று அமெரிக்கத் தலைவர்கள் பலர் நம்பினார்கள். விட்டுக்கொடுத்தால் உள்நாட்டில் பலவீனர்களாகத் தெரிவோம் என்றும் அஞ்சினார்கள். முதலில் கப்பல்களும் பணமும் ஆலோசகர்களும் போயின, பின்னர் விமானங்கள், பின்னர் இலட்சக்கணக்கான இளைஞர்கள். வெல்வோமா என்று சந்தேகப்பட்டவர்களும் அவர்களை அனுப்பினார்கள். தென் வியட்நாம் அரசு உதவி கேட்டது. வியட்நாமியரில் பலர் அமெரிக்கர்களை நம்பி வரவேற்றனர், அவர்களோடு சேர்ந்து போரிட்டனர். பலர் அவர்களை அந்நியராகக் கண்டு எதிர்த்துப் போரிட்டனர். இன்னும் பலரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.”

தெற்கில் இருந்தவர்கள் அமெரிக்கர்களை அழைத்தார்கள் என்றுதான் நான் முதலில் எழுதியிருந்தேன். அதை மாற்றியது திருமதி லான். தாளைத் தபாலில் அனுப்பியபோது தொலைபேசியில் கூப்பிட்டார். கேட்டது அரசு, தாங்கள் யாரையும் அழைக்கவில்லை, வந்த கப்பலில் ஏறினோம் என்றார். அழைப்பது வேறு, வரவேற்பது வேறு. திருத்தினேன். அடுத்த வாரம் அவரே குவளையை ஒரு துவாயில் சுற்றிக் கைப்பையில் கொண்டுவந்தார். பாதுகாப்பாக எடுத்துவர நாங்கள் ஆள் அனுப்பியிருப்போம் என்றபோது, அது கடலைக் கடந்த பொருள், பேருந்தில் ஒன்றும் ஆகாது என்றார்.

கிளென் வாசித்துவிட்டு “அனுப்பினார்கள்” என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றார். அச்சம் இன்னும் இருக்கிறதே என்றார். இருக்கட்டும் என்று அவரே சொன்னார்.

எங்கள் நூதனசாலை மடிப்புத் தாளைப் பல மொழிகளில் போடும். தமிழ்த் தாளை நானே எழுதினேன். வெக்ஸ்போர்டில் நான் குடியிருந்த கட்டடத்தில் இருந்த சண்முகம் அண்ணையிடம் அதை வாசிக்கக் கொடுத்தேன். யாழ்ப்பாணத்தில் தொழிற்சங்கம் கட்டியவர், அந்நாளைய கம்யூனிஸ்ட் கட்சிக்காரர், தமிழ் எழுத்தில் கண்டிப்பானவர். கோப்பிக் கடையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“தலைப்பில நீர் ‘போனது’ எண்டு எழுதியிருக்கிறீர். ஆர், திருவிழாவுக்கே போனவை?” என்றார். “‘ஆக்கிரமிச்சது’ எண்டு போடும். ரப்பருக்கும் தகரத்துக்கும் சந்தைக்கும்தான் ஏகாதிபத்தியம் போகும். உந்தக் கம்யூனிசக் கதை சும்மா சாட்டு.”

ரப்பருக்காகப் போனவர்கள் ரப்பரைவிடப் பல மடங்கு செலவழித்துவிட்டுத் தோற்றுப்போகும்வரை ஏன் அத்தனை வருடம் நின்றார்கள் என்று கேட்டேன். லாபம் பார்ப்பவன் நட்டத்தில் கடையை மூடியிருப்பானே என்றேன். அண்ணை கோப்பியைக் கலக்கிக்கொண்டிருந்தார்.

“நாங்களும் மொஸ்கோ சொன்னதுக்கெல்லாம் கை தட்டினனாங்கள்தான்,” என்றார் கடைசியில். “அவை தாங்கள் சொன்னதைத் தாங்களே நம்பியிருப்பினம். அதுதான் கூடப் பயம், தம்பி. களவெடுக்க வந்தவன் எடுத்துக்கொண்டு போயிடுவான். நம்பி வந்தவன் போகமாட்டான்.”

ஆனாலும் “போனது” என்பதை அவர் ஏற்கவில்லை. “படை அனுப்பியது” என்று மாற்றினோம். அதில் இருவருக்கும் முழுச் சம்மதம் இல்லை.

காட்சி திறந்த நாளில் நான் பின்வரிசையில் நின்றேன். பேச்சுகள் முடிந்து ஆட்கள் கலைந்தபின், திருமதி லான் கையுறை இருந்த பெட்டியின் முன் நின்று அட்டையை விரலால் தொட்டு வாசிப்பதைக் கண்டேன். அந்த அட்டையில் டாமின் பெயரும், அவர் பிளெய்க்கு என்ற மலைநாட்டு ஊருக்கு அருகே இறந்தார் என்பதும் இருந்தன. கிளென் கொஞ்சம் தள்ளி நின்றார். இருவரும் ஒரே மாலையில் ஒரே தாளை வாசித்தவர்கள்தான். ஆனால் அதுவரை ஒருவரோடொருவர் பேசவில்லை.

அவர் கிளெனிடம் போனார். என்ன பேசப் போகிறாரோ என்று நான் அருகே போனேன்.

“உங்கள் அண்ணன் இருந்த காலத்தில் நானும் பிளெய்க்குவில் இருந்தேன். என் கணவரின் படைமுகாம் அங்கே,” என்றார். “அந்த வயதுப் பையன்கள் எங்கள் தெருவால் போவார்கள். என் மூத்த மகனுக்குக் கை காட்டுவார்கள். அதில் அவரும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது.”

கிளென் தலையை அசைத்தார்.

“அவர் வந்ததற்கு நன்றி,” என்றார் திருமதி லான்.

கிளெனின் கழுத்து சிவந்தது. தன் அண்ணன் ஒன்றுக்கும் இல்லாமல் செத்தான் என்பதை வைத்துத்தான் அந்த மனிதர் ஒரு வாழ்க்கையைக் கட்டியிருந்தார். போர் எதிர்ப்பு ஊர்வலங்களில் அதைச் சொன்னார், எனக்குத் தந்த பேட்டியிலும் அதைத்தான் சொன்னார். நன்றி என்பதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

“அவன் போயிருக்கக் கூடாது,” என்றார்.

“அதுவும் சரியாக இருக்கலாம்,” என்றார் அவர். “ஆனால் வந்தார்.”

பிறகு கிளென் அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். தானும் பக்கத்தில் அமர்ந்தார். அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

பனிக்காலம் முழுவதும் காட்சி நடந்தது. பத்திரிகை ஒன்றில் சின்னக் குறிப்பு வந்தது. பலகையைப் பற்றி இரண்டு முறைப்பாடுகள் வந்தன, ஒன்று அது அமெரிக்காவுக்குச் சார்பானது என்று, மற்றது எதிரானது என்று. மார்கிரெட் இரண்டுக்கும் தன் கையால் பதில் எழுதினார்.

காட்சியைக் கழற்றிய வாரத்தில் கிளென் கையுறையை எடுக்க வந்தார். நான் வழக்கப்படி மேசையில் துணி விரித்து, தோலில் இருந்த பழைய கீறல்களைக் காட்டினேன். கையெழுத்துப் போட்டபின்னும் அவர் போகவில்லை. தாயோடு பேசியதாகச் சொன்னார். தாய்க்கு அப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. மிச்சிகனில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். ஞாயிறுதோறும் கிளென் கூப்பிடுவார். வானிலை, சாப்பாடு, முழங்கால் வலி என்று பேசி வைத்துவிடுவார்கள். அந்த ஞாயிறு, பிளெய்க்குவில் இருந்த ஒரு பெண் டாம் வந்ததற்கு நன்றி சொன்னார் என்று சொல்லியிருக்கிறார். அதைச் சொல்ல அவருக்கு ஒரு பனிக்காலம் தேவைப்பட்டிருக்கிறது.

தாய் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டாராம். எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னாராம். அவரோடு பேசவேண்டும் என்றாராம்.

அதற்காகத் திருமதி லானின் தொலைபேசி எண்ணைத் தர முடியுமா என்று கிளென் கேட்டார். பொருள் தந்த ஒருவரின் விபரத்தை இன்னொருவருக்குக் கொடுப்பதற்கு எங்களுக்கு அனுமதி இல்லை. அதில் மார்கிரெட் விலக்குக் கொடுத்ததே கிடையாது. அதைச் சொன்னேன். அவருக்கும் விளங்கியது. தொப்பியைக் கையில் எடுத்தார்.

மார்கிரெட் தன் அறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எங்களிடம் ஒன்றும் சொல்லாமல் தொலைபேசியை எடுத்துத் திருமதி லானைக் கூப்பிட்டார். யார் பேச விரும்புகிறார், ஏன் என்று சொன்னார். விருப்பமில்லாவிட்டால் மறுக்கலாம், யாரும் தவறாக எடுக்கமாட்டோம் என்றார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். கிளென் கதவருகே கையுறைப் பெட்டியைப் பிடித்தபடி நின்றார்.

மார்கிரெட் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

“அவருடைய ஆங்கிலம் மெதுவானதாம், உங்கள் அம்மா பொறுத்துக்கொள்ளவேண்டுமாம்,” என்றார். “ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவரே கூப்பிடுவாராம். அம்மாவின் எண்ணைக் கேட்கிறார்.”